மூக்கு அறியாத நச்சுணவு: வெளியே சாப்பிடும்போதும் காய்கனிகளைப் பச்சையாக உண்ணும்போதும்

வீட்டில் மீந்த சாம்பாரை அடுப்பில் ஏற்றுவதற்கு முன் மூடியைத் திறந்து ஒரு முறை முகர்ந்து பார்ப்பது நம்மில் பலருக்கும் பழக்கம். புளித்த வாடை வரவில்லை, நுரை கட்டவில்லை, கரண்டியில் நூல் விடவில்லை என்றால் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிச் சூடுபடுத்திவிடுகிறோம். கடையில் கட்டி வாங்கிவந்த பொட்டலத்தையும் இதே மூக்கைக் கொண்டுதான் எடைபோடுகிறோம். நச்சுணவைப் பற்றி அறிய விரும்பும் ஒருவர் முதலில் விட்டுவிட வேண்டியது இந்த நம்பிக்கையைத்தான்.

உணவை ஊசிப்போகச் செய்யும் கிருமிகள் வேறு. உண்டவரைப் படுக்கையில் தள்ளும் கிருமிகள் வேறு. முதல் வகை, உணவிலுள்ள சத்துகளைச் சிதைத்துப் புளிப்பையும் நாற்றத்தையும் பிசுபிசுப்பையும் உண்டாக்குவதால், அது வந்திருப்பதை நாமே கண்டுகொண்டு குப்பையில் கொட்டிவிடுகிறோம். இரண்டாம் வகையைச் சேர்ந்த சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர், விப்ரியோ, லிஸ்டீரியா போன்றவையோ மணத்தையும் நிறத்தையும் சுவையையும் தொடாமலேயே நோய் உண்டாக்கக்கூடியவை. ஆகவே, காலையில் அரைத்து மதியம்வரை மேசையில் இருந்த தேங்காய்ச் சட்னி, சுவையில் ஒரு குறையும் இல்லாமலேயே ஆபத்தானதாக மாறியிருக்கலாம். மூக்கால் முடியாத அந்த வேலையைக் கடிகாரத்தையும் வெப்பநிலையையும் கொண்டு நாம் செய்யலாம்.

கிருமிகள் எங்கிருந்து வருகின்றன என்பதை முதலில் பார்ப்போம். கோழி, ஆடு, மாடு ஆகியவற்றின் குடலிலும், கடல்நீரிலும், வயல் மண்ணிலும், நம் கைகளிலும் மூக்கினுள்ளும்கூட அவை இயல்பாகவே வாழ்கின்றன. உணவில் ஒன்றிரண்டு வந்து சேர்வதை எந்தச் சமையலறையாலும் முழுமையாகத் தடுத்துவிட முடியாது. ஈரமும் சத்தும் உள்ள உணவில் அவை அமர்ந்துகொண்டு, தமக்குப் பிடித்த வெப்பத்தில், போதிய நேரம் தொந்தரவின்றி இருக்க நேரும்போதுதான் பெரும்பாலும் சிக்கல் தொடங்குகிறது. அந்த வெப்ப வரம்பை 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் என்று வகுத்து, அதை ஆபத்து வெப்பநிலை என்று அழைக்கிறார்கள். சிங்கப்பூரில் பகல் வெப்பம் 31, 32 டிகிரியை ஒட்டியே ஆண்டு முழுவதும் இருக்கிறது. இரவிலும் பெரிதாகத் தணிவதில்லை. குளிர்காலம் உள்ள நாடுகளில் சமையலறை மேசையில் ஓரிரவு கிடந்த உணவுக்கும், இங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் ஓரிரவு கிடந்த உணவுக்கும் உள்ள வேறுபாடு அதனால்தான் அவ்வளவு பெரிது.

பல பாக்டீரியாக்கள் சாதகமான சூழலில் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகின்றன. 1,000 கிருமிகள் உள்ள ஒரு தட்டுச் சோறு 20 நிமிடத்தில் 2,000, ஒரு மணி நேரத்தில் 8,000 என்று போய், 4 மணி நேரத்தில் 4 மில்லியனைத் தாண்டிவிடும். முதல் ஒரு மணி நேரத்தில் பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை என்பதையும், கடைசி ஒரு மணி நேரத்தில் மட்டும் மூன்றரை மில்லியன் கூடிவிட்டது என்பதையும் இந்தக் கணக்கிலிருந்து கவனிக்க வேண்டும். "நேற்றும் இவ்வளவு நேரம் வெளியேதான் இருந்தது, ஒன்றும் ஆகவில்லையே" என்று நாம் சொல்லும் நேற்றுக்கும் இன்றைக்கும் இடையே அரை மணி நேரமோ இரண்டு டிகிரியோதான் வேறுபாடாக இருந்திருக்கும்.

அப்படியானால் நன்றாகக் கொதிக்கவைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமே என்று தோன்றலாம். நச்சுணவில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். உணவின் நடுப்பகுதி 75 டிகிரியைத் தொடும்படி வேகவைத்தால் பெரும்பாலான கிருமிகள் சாகும் என்பது உண்மை. ஆனால் சில கிருமிகள் சாவதற்கு முன்பே உணவில் நஞ்சைச் சுரந்துவிடுகின்றன. மனிதத் தோலிலும் மூக்கிலும் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் அவற்றுள் ஒன்று. அது விட்டுச்செல்லும் நஞ்சு கொதிநீரிலும் அழியாது. சோற்றில் அடிக்கடி காணப்படும் பேசில்லஸ் சீரியஸ் இன்னும் பிடிவாதமானது. அரிசியோடு வரும் அதன் வித்துகள் சோறு கொதிக்கும்போதும் உயிரோடிருந்து, வடித்த சோறு வெதுவெதுப்பாக ஆறும்போது முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் ஒரு நஞ்சை உண்டாக்குகின்றன. அந்தச் சோற்றை மறுநாள் முட்டையோடு வாணலியில் போட்டு எவ்வளவு வறுத்தாலும் நஞ்சு அப்படியே இருக்கும். மறுசூடு கிருமியைக் கொல்லும். கிருமி ஏற்கெனவே கக்கிவிட்டதை அது திரும்ப எடுத்துவிடாது.

இந்த இடத்தில் பழைய சோற்றை நினைத்துக்கொள்பவர்கள் இருப்பார்கள். நீரூற்றிப் புளிக்கவைத்த சோற்றில் லேக்டிக் அமிலம் ஊறிப் புளிப்பேறுவதால் பல கிருமிகளின் பெருக்கம் தடைப்படுகிறது. நீண்ட பயணத்துக்குப் புளிசோறு கட்டிய நம் முன்னோரின் வழக்கத்திலும் இதே அறிவுதான் இருந்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பு புளிப்புக்கு உரியதே தவிரச் சோற்றுக்கு உரியதன்று. எண்ணெயும் இறைச்சியும் கலந்த பிரியாணியையோ வெறும் வெள்ளைச் சோற்றையோ அதே துணிச்சலில் இரவெல்லாம் வெளியே வைத்துவிட முடியாது.

வெப்பம் எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்பதை நான் ஒரு தீபாவளியன்று என் கண்ணால் பார்த்தேன். விருந்தினர்களுக்காகப் பெரிய பானையில் கோழிக்கறி வைத்திருந்தோம். பகல் பன்னிரண்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு, வருபவர்களுக்கு அதிலிருந்தே அள்ளிப் பரிமாறிக்கொண்டிருந்தோம். மூன்று மணியளவில், சமையலுக்காகப் புதிதாக வாங்கியிருந்த வெப்பமானியைப் பானையின் நடுவில் ஆழமாக விட்டுப் பார்த்தபோது அது 50 டிகிரிக்குச் சற்றுக் கீழே காட்டியது. மேலே எண்ணெய் படலம் கட்டி ஆறியதுபோல் இருந்த கறி, உள்ளே கிருமிகளுக்கு மெத்தை விரித்த சூட்டில் இருந்தது. பெரிய பானைகளில் ஆறும் இறைச்சிக் குழம்புகளில் பெருகும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு இந்த வெப்பம் மிகவும் ஏற்றது. அன்று முதல், மீதமாகும் என்று தெரிந்த குழம்பைத் தாழ்வான அகன்ற பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, ஆவி அடங்கியதும் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுகிறோம். சூடான பொருளை உள்ளே வைத்தால் பெட்டி பழுதாகிவிடும் என்ற பழைய பயம் பானை முழுவதையும் அப்படியே உள்ளே தள்ளினால் ஓரளவு பொருந்தும். பிரித்து வைத்தால் பொருந்தாது.

இனி வெளியே சாப்பிடுவதற்கு வருவோம். உணவங்காடி நிலையங்களும் காப்பிக்கடைகளும் இல்லாத சிங்கப்பூரை நினைத்துப் பார்க்கவே முடியாது. இந்த உணவங்காடிப் பண்பாட்டை 2020-ஆம் ஆண்டு யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. இங்கே உணவு கையாள்பவர்கள் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். கடைகளுக்கு உரிமம் வேண்டும். 2019-இல் அமைக்கப்பட்ட சிங்கப்பூர் உணவு அமைப்பின் அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள். இத்தனையும் நமக்குப் பெரும் பாதுகாப்பு. ஆனால் கடையில் மாட்டியிருக்கும் உரிம அட்டை அந்தக் கடை பொதுவாக எப்படி நடத்தப்படுகிறது என்பதைத்தான் சொல்லும். நாம் போய் நிற்கும் பிற்பகல் இரண்டரை மணிக்கு அந்தத் தட்டில் இருக்கும் மீன் எப்போது பொரித்தது என்பதை அது சொல்லாது. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

2009 ஏப்ரலில் நடந்த ஒரு நிகழ்வை நம் சமூகத்தில் பலர் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் இந்திய ரோஜாக் விற்ற ஒரு கடையில் சாப்பிட்ட 154 பேர் நோய்வாய்ப்பட்டார்கள். அவர்களுள் இருவர் உயிரிழந்தார்கள். காரணமாகக் கண்டறியப்பட்டது, கடல் உணவில் வாழும் விப்ரியோ பேராஹெமோலிட்டிகஸ் என்ற பாக்டீரியா. சமைக்காத கடலுணவிலிருந்து அது உண்ணத் தயாரான பண்டங்களுக்குத் தொற்றியிருக்க வேண்டும் என்று அப்போது கூறப்பட்டது. இந்திய ரோஜாக்கைப் பற்றி யோசித்துப் பாருங்கள். மாவில் தோய்த்துப் பொரித்த இறாலும் கணவாயும் தௌ எனப்படும் சோயாக் கட்டியும் முட்டையும் உருளைக்கிழங்கும் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருக்கும். நாம் கைகாட்டுவதை எடுத்து, பலகையில் வைத்துத் துண்டு துண்டாக நறுக்கி, சிவந்த இனிப்புக் குழம்போடு தருவார்கள். எண்ணெயில் பொரித்தபோது எல்லாம் தூய்மையாகத்தான் இருந்திருக்கும். பொரித்த பிறகு பட்ட கத்தி, பலகை, கை, ஈரத்துணி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பச்சை இறாலைத் தொட்டிருந்தால் போதும். விப்ரியோ மிக வேகமாகப் பெருகும் கிருமிகளுள் ஒன்று. ஏற்ற சூழலில் சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறைகூட இரட்டிப்பாகும். முன்பு போட்ட கணக்கை இந்த வேகத்தில் மீண்டும் போட்டுப் பார்த்தால் 154 என்ற எண் வியப்பளிக்காது.

ஆகவே ஒரு கடையின் முன் நிற்கும்போது, தரை பளபளக்கிறதா என்பதைவிட, கைகள் என்ன செய்கின்றன என்பதையே நான் பார்ப்பேன். பச்சைக் கோழியை வெட்டும் பலகையும் வெந்த கோழியை வெட்டும் பலகையும் வேறு வேறாக இருக்கின்றனவா? கையுறை அணிந்தவர் அதே கையுறையோடு பணத்தையும் வாங்கி, மேசைத் துணியையும் பிழிந்து, பிறகு பராட்டாவையும் பிய்த்துப் போடுகிறாரா? கையுறை கையைக் காக்கிறதே தவிர, மாற்றாத கையுறை உணவைக் காப்பதில்லை. அடிக்கடி சோப்பு போட்டுக் கழுவப்படும் வெறுங்கை அதைவிட மேலானது. உணவு கையாள்பவர்கள் முகக்கவசமோ வாய்த் தடுப்போ அணிய வேண்டும் என்ற விதி 2021 முதல் நடப்பில் இருப்பதற்குக் காரணமும், முன்னர்ச் சொன்ன, மூக்கில் குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற கிருமிகள்தான்.

அடுத்து ஆவி. சூடாக இருக்க வேண்டியது சூடாக இருக்க வேண்டும் என்பதைவிட எளிய அளவுகோல் வேறில்லை. சோற்றோடு பலவகைக் கறிகள் தரும் நாசி பாடாங் கடையிலும் வாழையிலைச் சோற்றுக் கடையிலும் வரிசையாக அடுக்கியிருக்கும் கறிகள் கீழே வெந்நீர்த் தொட்டியின் சூட்டில் இருந்தால் 60 டிகிரிக்கு மேல் நிற்கும். வெறும் தட்டில், விளக்கொளியில் மட்டும் இருந்தால் சில மணி நேரத்தில் அறை வெப்பத்துக்கு இறங்கிவிடும். மதிய நெரிசலில் தட்டுகள் காலியாகிக் காலியாகி நிரம்புவதால், கூட்டம் உள்ள நேரத்தில் சாப்பிடுவது பெரும்பாலும் புதிய உணவைச் சாப்பிடுவதாகும். பிற்பகல் மூன்று மணிக்குப் போனால், கண்ணாடிக்குப் பின்னால் காலையிலிருந்து இருக்கும் பொரித்த மீனைவிட, உடனே வாணலியில் பிரட்டித் தரும் மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸோ கல்லில் வார்க்கும் தோசையோ நல்ல தேர்வு. தோசைக்கு வரும் சட்னியைப் பற்றி மட்டும் "அண்ணே, சட்னி எப்ப அரைச்சது?" என்று கேட்டுவிடுங்கள். துருவிய தேங்காய் சமைக்கப்படாதது, ஈரமானது, புளிப்பற்றது. கொதித்துக்கொண்டே இருக்கும் சாம்பாரைவிட அதற்குத்தான் கவனம் வேண்டும். நல்ல கடைக்காரர் இந்தக் கேள்விக்கு வருந்துவதில்லை என்பது என் அனுபவம். சிறு அளவில் அரைத்துக் குளிரில் வைத்து எடுப்பவர் அதைப் பெருமையோடுதான் சொல்வார்.

கட்டி வாங்கிச் செல்லும் உணவிலும், வீட்டுக்கே வந்து சேரும் உணவிலும் கடிகாரம் கடையிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. 11 மணிக்குக் கட்டிய கோழிச்சோற்றை அலுவலகத்தில் மேசைமேல் வைத்துவிட்டு, கூட்டம் முடிந்து 3 மணிக்குப் பிரிப்பது வழக்கமான காட்சி. உணவு சமைத்து முடிந்த நேரத்திலிருந்து 4 மணி நேரம் என்பதை மேல் வரம்பாக வைத்துக்கொள்ளலாம். நாம் வாங்கும்போதே அதில் எவ்வளவு கழிந்திருக்கும் என்று நமக்குத் தெரியாததால், வாங்கியவுடன் உண்பதே சரி. திருமணம், நிச்சயதார்த்தம், வீட்டுக்கு வரும் விருந்து எனக் கேட்டரிங் நிறுவனங்கள் தரும் உணவில், எத்தனை மணிக்குள் உண்ண வேண்டும் என்ற நேரக் குறிப்பு இருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்தி தொடங்கும்போது அந்தச் சீட்டை ஒருவர் படித்துப் பார்த்து, பேச்சும் வாழ்த்தும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளட்டும். குறித்த நேரம் தாண்டிய பிறகு மீந்ததைப் பெட்டிகளில் அடைத்து உறவினர்களுக்குக் கொடுத்தனுப்புவது அன்பின் மிகுதியால் செய்வதே என்றாலும், அந்த ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுவது அவர்களுக்கு நாம் செய்யும் நன்மை. சோற்றை வீணாக்குவது எனக்கும் உறுத்தும். அதற்கான தீர்வு குறைவாக வரவழைப்பதில் இருக்கிறது.

வேகாத உணவுகளில் மீனைத் தனியே சொல்ல வேண்டும். 2015-இல் சிங்கப்பூரில் பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா பச்சை நன்னீர் மீன் வழியாகப் பரவி, நூற்றுக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. கஞ்சியோடு மெல்லிய துண்டுகளாகப் பரிமாறப்படும் பச்சை மீன், குறிப்பாகச் சோங், தோமான் என்று சந்தையில் அழைக்கப்படும் மீன்கள், அதற்குக் காரணமாகக் கண்டறியப்பட்டன. வழக்கமான வயிற்றுப்போக்கோடு நிற்காமல், மூளையுறை அழற்சியும் மூட்டுத் தொற்றும்கூட அதில் ஏற்பட்டன. அதுவரை ஆரோக்கியமாக இருந்த நடுத்தர வயதினரும் பாதிக்கப்பட்டார்கள். அவ்வாண்டு டிசம்பர் முதல், உடனே உண்ணத் தரும் பச்சை மீன் உணவுகளில் நன்னீர் மீனைப் பயன்படுத்தத் தடை விதிக்கப்பட்டது. எலுமிச்சைச் சாறு பிழிவதாலும் சூடான கஞ்சியில் ஒரு கணம் முக்குவதாலும் பச்சை மீன் சமைத்த மீனாகிவிடாது. வெந்நீரில் முக்கி மட்டும் லக்சா என்ற நூடுல்ஸ் குழம்பில் இடப்படும் சிப்பிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நீரை வடிகட்டி உண்ணும் உயிரினமாகையால் அந்த நீரிலுள்ள கல்லீரல் அழற்சி ஏ போன்ற வைரஸ்களையும் அது தன்னுள் சேர்த்துவைத்திருக்கக்கூடும். காலைக் காப்பியோடு அரைவேக்காட்டு முட்டை உண்பவர்கள், அது உடைத்த உடனே உண்ண வேண்டிய பண்டம் என்பதையாவது மனத்தில் கொள்ளட்டும்.

காய்கனிகள் நல்லவை, இறைச்சிதான் ஆபத்து என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சத்தைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் பாதுகாப்பைப் பொறுத்தவரை, பச்சையாக உண்ணும் எதற்கும் இறைச்சிக்குக் கிடைக்கும் அந்தக் கொதிக்கும் கட்டம் கிடைப்பதில்லை. வயலில் இட்ட எருவிலிருந்தோ பாய்ச்சிய நீரிலிருந்தோ பறித்த கையிலிருந்தோ ஒட்டிக்கொண்ட கிருமி, நாம் கழுவி அகற்றினாலன்றி நம் தட்டுக்கே வந்துவிடும். சிங்கப்பூர் தனக்கு வேண்டிய உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து வரவழைக்கிறது. கேமரன் மலையிலிருந்து வரும் முட்டைக்கோசும், இந்தியாவிலிருந்து வரும் முருங்கைக்காயும், ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் முலாம்பழமும் தேக்கா சந்தையை அடைவதற்குள் எத்தனையோ கூடைகளையும் கைகளையும் கடந்து வருகின்றன.

கழுவும் முறை எளிது. ஓடும் குழாய்நீரில், கையால் தேய்த்து, உண்பதற்குச் சற்று முன்பாகக் கழுவ வேண்டும். முன்கூட்டியே கழுவி ஈரத்தோடு பெட்டியில் வைத்தால் விரைவில் அழுகும். சிங்கப்பூர்க் குழாய்நீர் குடிக்கத் தகுந்தது என்பதால் கழுவுவதற்கு அதைவிடச் சிறந்தது எதையும் தேட வேண்டியதில்லை. சோப்பும் பாத்திரம் துலக்கும் திரவமும் கூடவே கூடாது, ஏனெனில் பழத்தின் நுண்துளைகளில் அவை தங்கிவிடும். உப்புநீரும் வினிகரும் ஓடும் நீரைவிடப் பெரிதாக எதையும் கூடுதலாகச் செய்துவிடுவதில்லை. கீரை, கொத்தமல்லி, புதினா ஆகியவற்றை வேர்ப்பகுதியை அறுத்துவிட்டு, அகன்ற பாத்திரத்து நீரில் அலசி, மண் அடியில் தங்கியதும் கீரையை மேலாக அள்ளியெடுத்து, நீரை மாற்றி மீண்டும் அலசி, இறுதியில் குழாயடியில் காட்டுவது நம் பாட்டிமார் செய்த முறை. அதில் திருத்த வேண்டியது ஒன்றுமில்லை. முட்டைக்கோசுக்கும் சாலட் கீரைக்கும் வெளி இலைகள் இரண்டை நீக்கிவிடலாம். கழுவுவதால் கிருமி குறையும், முழுவதும் ஒழியாது.

பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவும் பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், அது காய்கனிகளைத்தான் பாதிக்கிறது. கோழிமேல் விழும் நீர் சிறு துளிகளாகத் தெறித்து, தொட்டியின் ஓரத்தில் வடிகட்டிவைத்த வெள்ளரிக்காய்மீதும் தக்காளிமீதும் விழுகிறது. கோழியில் உள்ளதை அடுப்பு கொன்றுவிடும். தெறித்ததைக் கொல்ல ஆளில்லை. மஞ்சள் தடவிக் கழுவியே தீர வேண்டும் என்று நினைப்பவர்கள், ஒரு பாத்திரத்து நீரில் மெல்ல அலசி, அதற்கு முன்பே பச்சைக் காய்களை அப்புறப்படுத்தி, பிறகு தொட்டியைச் சோப்பிட்டுக் கழுவட்டும்.

உரித்து உண்ணும் பழத்தை ஏன் கழுவ வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, நான் ஒரு பழக்கடையில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். கடைக்காரர் பெட்டியிலிருந்து முலாம்பழம் ஒன்றை எடுத்து, ஒரு துணியால் துடைத்து, நடுவே கத்தியை இறக்கினார். அந்தப் பழத்தின் தோலைக் கவனித்தால், மேலெங்கும் வலைபோல் புடைத்த கோடுகளும் அவற்றிடையே மண் படிந்த பள்ளங்களும் தெரியும். கத்தி அந்தப் பள்ளங்களைக் கடந்துதான் சதைக்குள் போகிறது. தோலில் இருந்ததைச் சதையின் இரு பக்கத்திலும் பூசிக்கொண்டே போகிறது. பிறகு அதே கத்தி அதே பலகையில் தர்ப்பூசணிக்கும் பப்பாளிக்கும் போனது. 2018-இல் ஆஸ்திரேலியாவில் முலாம்பழம் வழியாகப் பரவிய லிஸ்டீரியா தொற்றில் 22 பேர் பாதிக்கப்பட்டு 7 பேர் இறந்தார்கள். ஒரு கரு கலைந்தது. லிஸ்டீரியா குளிர்பதனப் பெட்டியின் குளிரிலும் மெதுவாகப் பெருகக்கூடியது என்பதால், குளிர்ந்திருக்கிறது என்பதே அதற்கு எதிரான காப்பு ஆகிவிடாது. முலாம்பழத்தை வெட்டுவதற்கு முன் தூரிகையால் தேய்த்துக் கழுவி, தூய துணியால் துடைப்பது வீட்டில் இரண்டு நிமிட வேலை.

வெட்டிய பழத்தைக் கடையில் வாங்குவதாக இருந்தால், எல்லாப் பழமும் ஒன்றல்ல என்பதை அறிந்துகொள்வது உதவும். அன்னாசி புளிப்பு மிகுந்தது. அதில் கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. பப்பாளி, தர்ப்பூசணி, முலாம்பழம் ஆகியவற்றில் புளிப்பு குறைவு, நீரும் சர்க்கரையும் அதிகம். ஐஸ்மேல் வைத்தோ குளிர்ப்பெட்டியில் வைத்தோ விற்கப்படுபவற்றையே இவற்றுள் தேர்ந்தெடுக்க வேண்டும். முடிந்தால் நம் கண்முன்னே வெட்டச் சொல்லி வாங்கலாம்.

உடல்நலத்துக்கு என்று பலர் வீட்டில் செய்யும் முளைகட்டிய பயறும் வெந்தயமும் இன்னொரு தனிக்கதை. முளைகட்ட வேண்டும் என்றால் விதையை ஈரத்துணியில் சுற்றி வெதுவெதுப்பான இடத்தில் ஓரிரு நாள் வைக்க வேண்டும். விதையின் வெடிப்பில் ஒளிந்திருக்கும் கிருமியும் அந்த ஒன்றிரண்டு நாளும் விதையோடு சேர்ந்தே வளர்கிறது. 2011-இல் ஜெர்மனியில் முளைவிட்ட வெந்தயம் வழியாக ஈ.கோலை என்ற பாக்டீரியா பரவி, 3,800-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். விதைகள் எகிப்திலிருந்து வந்தவை என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். பண்ணையோ சமையலறையோ எவ்வளவு தூய்மையாக இருந்தாலும், கிருமி விதைக்குள்ளேயே வந்துவிட்டால் கழுவிப் பயனில்லை. முளைப்பயற்றைத் தாளித்துச் சுண்டலாக நன்கு வேகவைத்து உண்பது சத்தில் சிறிது குறைந்தாலும் பாதுகாப்பில் மிகவும் மேலானது.

கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியோர், நீரிழிவு உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள் ஆகியோருக்கு மேற்சொன்ன எதுவும் விருப்பத்துக்குரிய ஆலோசனை அன்று. பச்சை மீன், அரைவேக்காட்டு முட்டை, வேகாத முளைப்பயறு, முன்பே வெட்டிவைத்த பழம் ஆகிய நான்கையும் அவர்கள் முழுமையாகவே விட்டுவிட வேண்டும். லிஸ்டீரியா தாய்க்கு இலேசான காய்ச்சலாக மட்டும் வந்து, கருவைப் பறித்துச் செல்லக்கூடியது.

இவ்வளவுக்குப் பிறகும் நோய் வரலாம். வந்தவுடன் கடைசியாகச் சாப்பிட்ட கடையைக் குற்றம்சாட்டுவதே நம் இயல்பு. பெரும்பாலும் அது தவறாக முடியும். உணவிலேயே நஞ்சு சுரந்திருந்தால் அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். நோரோவைரஸ் 12 முதல் 48 மணி நேரம் எடுத்துக்கொள்ளும்; சால்மொனெல்லா 6 மணி நேரத்திலிருந்து ஆறு நாள்வரையிலும், கேம்பைலோபாக்டர் இரண்டு முதல் ஐந்து நாள்வரையிலும் காத்திருக்கும்; லிஸ்டீரியா வாரக்கணக்கில் பதுங்கியிருக்கும். எனவே கடந்த மூன்று நாள் எங்கே, எத்தனை மணிக்கு, யாரோடு, என்ன சாப்பிட்டோம் என்பதை நினைவிருக்கும்போதே எழுதிவைத்துக்கொள்வது மருத்துவருக்கும் விசாரணை செய்பவர்களுக்கும் மிகவும் பயன்படும். ஒரே உணவை உண்ட இருவருக்கு மேல் நோயுற்றிருந்தால், ரசீதோடு சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் இணையம் வழியாகத் தெரிவியுங்கள். ஒரு கடையைப் பழிவாங்குவது இதன் நோக்கமன்று. அதே பானையிலிருந்து இன்னும் எத்தனை பேர் சாப்பிடவிருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது.

பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் தானே குணமாகிவிடும். அதுவரை உடலிலிருந்து போகும் நீரையும் உப்பையும் ஈடுசெய்வதே சிகிச்சை: மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலை ஒரே மூச்சில் குடிக்காமல், ஓரிரு நிமிடத்துக்கு ஒரு வாய் என்று பருகினால் வாந்தி உள்ளவருக்கும் அது தங்கும். மலத்தில் இரத்தம், 39 டிகிரியை நெருங்கும் காய்ச்சல், மூன்று நாளுக்கு மேல் நீடிக்கும் பேதி, சிறுநீர் குறைந்து தலைசுற்றல், தண்ணீர்கூட வயிற்றில் தங்காத நிலை ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் மருத்துவரிடம் போய்விட வேண்டும். குழந்தைக்கும் முதியவருக்கும் கர்ப்பிணிக்கும் இவற்றுக்காகக் காத்திருக்கவே வேண்டாம். மலத்தில் இரத்தமோ கடுங்காய்ச்சலோ இருக்கும்போது பேதியை நிறுத்தும் மாத்திரையைத் தாமாக விழுங்குவது நோயை மோசமாக்கக்கூடும். மயக்கமோ குழப்பமோ கண்டால் அவசர மருத்துவ வண்டிக்கு 995-ஐ அழைக்க வேண்டும்.

குணமானவர் மறுநாளே குடும்பத்துக்குச் சமைக்கப் போவதுதான் வீட்டில் அடுத்தடுத்து எல்லோரும் படுத்துக்கொள்ளக் காரணமாகிறது. நோரோவைரஸ் அறிகுறிகள் நின்ற பிறகும் உடலிலிருந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். மதுசாரம் கலந்த கைத்தூய்மித் திரவம் அதன்மேல் அவ்வளவாக வேலை செய்வதில்லை, சோப்பும் ஓடும் நீருமே வேண்டும். வாந்தியும் பேதியும் நின்றதிலிருந்து குறைந்தது 48 மணி நேரமாவது அவர் சமையலறைப் பக்கம் வராமலிருக்கட்டும், வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் சமைக்கத் தெரியும் என்றாலும்.